குதிரை தர்மப் பிடித்தம்

அன்றைக்கு லாயத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். குதிரை சங்கத்தின் தலைவியான வெள்ளைக்காரத் துரைசானி ஒருவர். செயலாளரான வக்கீல் ஒருவர். பொக்கிஷதாரரான தோல் மண்டி முதலாளி ஒருவர். மாட்டு டாக்டர், குதிரைக்குச் சொந்தக்காரரான ஜட்கா பாய், புல்லுக்கட்டைத் தலையிலிருந்து இறக்காமல் வாசலில் நின்ற நான். இவ்வளவுதான். இவர்களைத் தவிர ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரையும் ஒரு கிழ எருதும் இருந்தன. வேறு ஈ காக்காய் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. பிற்பாடு வக்கீல் நாலு பேர் முன்னால், அந்த நாள் நான் அந்தப் பக்கமே வரவில்லை என்றும், யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்து உளறுகிறேன் என்றும் சொன்னார். நான் இருந்தேன். புல்லுக்கட்டிலிருந்து தண்ணீர் என் கழுத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரப்புல்லைப் போட்டால் குதிரைக்கு வயிறு உப்பிக்கொள்ளுமே என்ற கவலையோடு, எப்போது இவர்கள் பேச்சு முடியும் என்று நின்றிருந்தேன்.

அப்போதுதான் மண்டி முதலாளி அந்த வார்த்தையைச் சொன்னார். "புல்லுக்காரன் பாக்கியப் பத்தி யாரும் யோசிக்க வேணாம். அது என் பொறுப்பு. நம்ம குதிரை தர்மத்துலேர்ந்து குடுத்துடறேன்."

வக்கீல் அதை இங்கிலீஷில் துரைசானிக்குச் சொன்னார். அந்த அம்மாள் கையுறை போட்ட கைகளைத் தட்டினார். பிறகு குதிரையின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். குதிரை அவர் தொப்பியில் இருந்த துணிப்பூவை முகர்ந்து பார்த்தது. எல்லோரும் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை.

இது யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆன பிறகு ஆம்பூரில் நடந்தது. வாயில்லாத ஜீவன்களைக் காப்பாற்ற என்று அந்தச் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். ஊரில் அதற்குக் குதிரை சங்கம் என்றே பெயர். ரயிலடியில் ஜட்காக்காரர்கள் குதிரைகளை அடிப்பதைப் பார்த்துவிட்டு அந்தத் துரைசானி அழுதாராம், அதிலிருந்து பிறந்தது சங்கம். அழுதது பொய் என்று நான் சொல்லமாட்டேன். அடிக்கவும்தான் அடித்தார்கள். வண்டிக்குள் ஆறு பேரை அடைத்து, பின்னால் இரண்டு பேரைத் தொங்கவிட்டு, மேட்டில் ஏறாத குதிரையைச் சாட்டைக் கம்பால் வயிற்றில் குத்துகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்களைப் பிடிப்பதற்கு ஒரு சங்கம் வேண்டியதுதான். ஆனால் பிடித்துக்கொண்டு வந்த குதிரை தின்னுமே, அதற்கு யார் போடுவது என்று அவர்களில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசிக்க அவர்களுக்கு நான் கிடைத்தேன்.

எனக்கு அப்போது பிழைப்பு புல். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் கிளாஸ் படிக்கும்போது அப்பா போய்விட்டார், அதோடு என் படிப்பும் போய்விட்டது. பாலாற்றங்கரையில் அறுகம்புல் அறுக்கிற பெண்களிடம் அன்றாடம் ரொக்கம் கொடுத்து வாங்கி, ஜட்கா நிற்கிற இடத்தில் கட்டுக் கட்டாக விற்பேன். புல் குறைகிற நாட்களில் மலையடிவாரத்திலிருந்து ஆவாரம்பட்டை வாங்கி வண்டியில் ஏற்றி மண்டிக்குக் கொண்டுபோவேன். தோல் பதனிட அந்தப் பட்டை இல்லாமல் முடியாது. மண்டியில் பட்டையை நிறுத்துப் பணம் கொடுக்கும்போது பாரத்துக்கு அரையணா தர்மம் என்று பிடித்துக்கொள்வார்கள். அது பழைய வழக்கம். தோல் கொண்டுவருகிறவர்களுக்கும் கட்டுக்கு இவ்வளவு என்று உண்டு. யாரும் ஏன் என்று கேட்டதில்லை. தர்மம் என்று சொன்ன பிறகு எப்படிக் கேட்பது? சங்கம் ஏற்பட்டு, மண்டி முதலாளி பொக்கிஷதாரர் ஆனதும், அரையணாவுக்கு மேல் காலணா குதிரை தர்மம் என்று இன்னொரு பிடித்தம் சேர்ந்தது. நானும் கொடுத்தேன். பட்டை வெட்டுகிறவன் கொடுத்தான், ஆட்டுத்தோல் சுமந்து வருகிறவன் கொடுத்தான். சங்கத்தின் லாயமும் மண்டிக்குப் பின்னால், தோல் காயப்போடுகிற களத்தை ஒட்டித்தான் இருந்தது. ஆகவே அந்தக் காலணா அப்படியே சுவர் தாண்டிப் போய்க் குதிரையின் வாயில் விழுகிறது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். லாயத்துக்குப் புல்லும் கொள்ளும் போடச் சொல்லி வக்கீல் என்னைக் கூப்பிட்டபோது மாசக் கணக்குக்கு ஒத்துக்கொண்டதும் அந்த நம்பிக்கையில்தான்.

வெள்ளைக் குதிரை லாயத்துக்கு வந்த விதத்தையும் சொல்லவேண்டும். அது பாயின் குதிரை. பாய் அடிக்கிற ஜாதி இல்லை. அவர் சாட்டையை வண்டி மேல் தட்டிச் சத்தம் காட்டுவாரே தவிரக் குதிரை மேல் படவிடமாட்டார். கழுத்து வார் உராய்ந்து அதன் கழுத்தில் புண் வந்தது. எங்கள் ஊரில் எதற்கும் ஒரே மருந்து, ஆவாரம்பட்டைத் தண்ணீர். பல் வலித்தால் கொப்பளிப்பார்கள், கால் வெடித்தால் ஊறவைப்பார்கள். பாய் தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து ஒரு செம்பு கேட்டு வாங்கி இரண்டு வேளையும் புண்ணைக் கழுவினார். தொட்டியில் ஊறிய தண்ணீர் தோலை என்ன செய்யும் என்று எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அது உயிரோடிருக்கிற தோலையும் அப்படித்தான் செய்யும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. புண் மேலே காய்ந்து செருப்புத் தோல் மாதிரி விறைத்துக்கொண்டது. நாலாம் நாள் வார் பட்டதும் வெடித்தது. அன்றைக்குப் பார்த்து டாக்டரும் போலீஸ்காரரும் ரயிலடியில் நின்றிருந்தார்கள். புண்ணை மறைக்கச் சாயம் பூசியிருக்கிறான் என்று வக்கீல் கோர்ட்டில் வாதாடினார். பாய்க்கு ஐந்து ரூபாய் அபராதம். குணமாகும்வரை குதிரை சங்கத்தின் பராமரிப்பில் இருக்கவேண்டும் என்று உத்தரவு.

பாய் அன்றாடம் வந்து வெல்லக்கட்டி கொடுத்துவிட்டுப் போவார். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள், "இன்னா நைனா, வியாபாரம் ஜாஸ்தியா? என் குதிரைய ஜெயில்ல போட்டவனுக்கு நீ சோறு போடற தோஸ்த்தா?" என்றார். சோறு போடுவது உங்கள் குதிரைக்குத்தானே என்று கேட்க நினைத்தேன். அவர் வாடகைக் குதிரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். வருகிற காசில் பாதி அதற்கே போய்க்கொண்டிருந்தது.

நான் முதலில் சொன்ன அந்த நாளில் எனக்கு நாலு மாசப் பாக்கி. மண்டி முதலாளி வாக்குக் கொடுத்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாசக் கடைசியில் மண்டிக்குப் போனேன். முதலாளி இல்லை, கணக்குப்பிள்ளை இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தர்மக் கணக்கை வருஷத்துக்கு ஒரு தரம், புதுக்கணக்குப் போடுகிற அன்றுதான் திறப்பது, அதுவரை அது மண்டியின் முதலோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கும், என்றார். சரி, அதுவரை பொறுக்கிறேன் என்றேன்.

அவர், "பொறுத்தாலும் உனக்கு வராதுப்பா" என்றார். "நீ புல்லு விக்கிறவன். உனக்குக் குடுத்தா அது வியாபாரம். தர்மத்துக்குன்னு எடுத்து வெச்ச காச வியாபாரத்துக்குக் குடுத்தா தோஷம் இல்லியா?"

"குதிரைக்குத்தானே புல்லு போட்டேன்?"

"சும்மா போட்டியா? வெலைக்குத்தானே போட்ட? சும்மா போட்டிருந்தா அது தர்மம்."

அவர் கேலி செய்யவில்லை. அந்த மண்டியில் அப்படித்தான் வழக்கம், அதை அவர் மனப்பூர்வமாக நம்பினார். என்னிடமிருந்து பிடித்த காலணா தர்மம், எனக்குத் தரவேண்டிய பணம் வியாபாரம். புதுக்கணக்கு அன்று அந்தப் பணத்தை எடுத்து ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப்பந்தல் போட்டார்கள். முதலாளியின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டார்கள். மனிதர் குடிக்க மோர், கீழே குதிரைகளுக்கு ஒரு தொட்டி. தொட்டியில் இரண்டு நாளைக்குத் தண்ணீர் இருந்தது.

வெயில் ஏறியது. துரைசானி மலைக்குப் போய்விட்டார். அவர் இல்லாமல் சங்கக் கூட்டம் நடக்காது. ஆற்றங்கரையில் புல் கருகி, ஒரு கட்டுக்கு இரண்டு கட்டின் விலை கேட்டார்கள். அறுக்கிற பெண்கள் கடன் சொல்ல விடமாட்டார்கள். அதில் ஒருத்தி, "உன் குதிரைச் சங்கம் எங்க வயித்துக்கும் சேத்து நடக்குதா?" என்று கேட்டாள். வீட்டுக்காரியின் கம்மலை அடகு வைத்தேன். வைக்கோலும் தவிடும் கலந்து போட்டேன். அந்த மாசத்தில் கிழ எருது செத்தது. தோல் சுவர் தாண்டி மண்டிக்குப் போனது. அதற்கு என்ன விலை போட்டார்கள், எந்தக் கணக்கில் அது ஏறிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் தர்மம் என்பார்கள்.

எருது போனதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குதிரைக்கு ஏதாவது ஆனால் புல்லுக்காரன் கெட்ட தீனி போட்டான் என்று என் மேலேயே கேஸ் போடுவார்களோ? பாய்க்குச் சாயம் பூசியதாகக் கேஸ் போட்டவர்கள்தானே? இப்படி நினைத்து நினைத்து, ஒரு நாள் இனிமேல் போடுவதில்லை என்று தீர்மானம் செய்து வீட்டிலேயே உட்கார்ந்தேன். உச்சி வேளை வரைக்கும்தான் உட்கார முடிந்தது. கூரையிலிருந்து ஓலை இழுத்துத் தின்னுமோ, கயிற்றைத் தின்னுமோ என்று ஒரே யோசனை. பக்கத்து வீட்டில் இரண்டு கட்டு வைக்கோல் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

லாயத்துக் கதவு பூட்டியிருந்தது. பாய் மூங்கில் தட்டிக்கு வெளியே குந்திக்கொண்டு, தன் வாடகைக் குதிரைக்கு வாங்கிய புல்லைச் சந்து வழியாக ஒரு பிடி ஒரு பிடியாக உள்ளே நீட்டிக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "வா நைனா. செத்துச்சான்னு பாக்க வந்தியா?" என்றார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வைக்கோலைப் பிரித்தேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கட்டு தீர்கிறவரைக்கும் நீட்டினோம். அப்போதுதான் எனக்கு எத்தனை மாசப் பாக்கி என்று அவருக்குச் சொன்னேன். அவர் தமக்குத் தெரியாது என்றார். மண்டி முதலாளி அன்றைக்குச் சொன்னபடி பாக்கியைக் கொடுத்துவிட்டதாகவும், அதன் பிறகு நான் மாசாமாசம் சங்கத்தில் கைநிறைய வாங்குவதாகவும் அவர் நினைத்திருந்தாராம்.

மறுநாள் வக்கீலைப் பார்க்கப் போனேன். ஆபீஸ் அறையில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நான் சொன்னதை எல்லாம் கேட்டார். கோபிக்கவில்லை. அவர் கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இத பாருப்பா. சங்கத்துல காசு கெடையாது. வெச்சுக் காப்பாத்த முடியாத ஜீவன கஷ்டப்படாம முடிச்சுடணும்னு ரூல் இருக்குது. திங்கக்கெழம டாக்டர் வருவாரு."

"சுடறதுங்களா?"

"வதைக்கறது இல்ல. ஒரு நிமிஷ வேல."

புண் ஆறிவிட்டதே என்றேன். ஆறிவிட்டது, ஆனால் தீனிக்கு வழி இல்லையே என்றார். அப்படியானால் பாயிடம் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றேன். தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் பராமரித்த செலவைச் சொந்தக்காரன் கட்டவேண்டும் என்று மேஜையைத் தட்டினார். எவ்வளவு என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"உன் பாக்கி எவ்ளோவோ அவ்ளோதான். அந்த சாயபு உன்கிட்ட கட்டட்டும், நீ ரசீது குடு, குதிரைய ஓட்டிக்கினு போகட்டும். எல்லாருக்கும் பேஜார் தீந்துது."

"பாய் என்கிட்ட புல்லு கேக்கலீங்களே. நீங்கதானே போடச் சொன்னீங்க?"

"தின்னது யாரு குதிரப்பா?"

கோர்ட்டுக்காரனோடு பேசினால் இப்படித்தான், நாம் போட்ட புல்லுக்கட்டோடு சேர்த்து நம்மையும் கட்டிவிடுவான்.

மாட்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் நல்ல மனுஷராக இருந்து என்ன? புண் ஆறியது வாஸ்தவம், லாடம் அடித்து இரண்டு நாள் நடக்கவிட்டால் வண்டிக்கே ஆகும், ஆனால் செயலாளர் எழுதிக் கொடுத்தால் தான் என்ன செய்யமுடியும் என்றார். தன் உத்தியோகத்தைப் பற்றி அவருக்கும் ஒரு கவலை. கவலைப்படுகிறவன் முகம் எனக்குத் தெரியும்.

அதற்குள் என் பாக்கி ஐம்பத்தெட்டு ரூபாய்க்கு மேல் ஏறியிருந்தது, பாயால் அதைக் கட்டமுடியாது. வண்டியை விற்றாலும் அவ்வளவு வராது. வண்டியை விற்றுவிட்டுக் குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? மிச்சமிருந்தது ஒரே வழி. பணம் வாங்காமலே வாங்கியதாக நான் ரசீது எழுதவேண்டும். எழுதினால் சங்கத்தின் மேல் எனக்கு இருந்த பாத்தியதை அதோடு தீர்ந்தது. கம்மல் அடகில், வைக்கோலும் தவிடும் வாங்கிய இடத்தில் ஒன்பது ரூபாய் நிலுவை. எழுதாவிட்டால் திங்கட்கிழமை. வாங்காத பணத்துக்கு ரசீது எழுதினால் அதற்கும் ஏதாவது செக்‌ஷன் இருக்குமோ என்று வேறு பயம். இதை யாரிடம் போய்க் கேட்பது? எனக்குத் தெரிந்த ஒரே வக்கீல் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பாயையும் கூட்டிக்கொண்டு போய், வக்கீல் முன்னால் எழுதினேன். பணம் பெற்றேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. குதிரைக்காரர் மூலம் என் பாக்கி பைசல் ஆயிற்று, சங்கத்தின் மேல் எனக்குக் கேள்வி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பணம் எங்கே என்று வக்கீல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கையெழுத்து நல்லாத்தான் இருக்குது. எந்த ஸ்கூலு?"

"மிஷன் ஸ்கூலுங்க. மூணாங் கிளாசு."

"அதான்" என்றார்.

லாயத்துச் சாவியை வாங்கிக்கொண்டு போனோம். குதிரைக்கு விலா எலும்பு தெரிந்தது. கழுத்தில் புண் இருந்த இடத்தில் மயிர் முளைக்காமல் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துக் கிடந்தது. பாய் அதன் காதில் உருதுவில் ஏதோ பேசினார். எனக்கு நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. தெருமுனையில் என் பக்கம் திரும்பினார்.

"உன் புல்லத் தின்னு என் குதிரை கடங்காரி ஆய்ட்டா. நான் தர்றேன்."

"நீ தர வேணாம் பாய். அவங்க தரணும்."

"அவங்க தருவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்போ?" என்று கேட்டுவிட்டுக் குதிரையோடு போய்விட்டார்.

மழைக்காலத்தில் துரைசானி திரும்பி வந்ததும் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. அச்சடித்த அறிக்கை ஒன்று எல்லோருக்கும் கொடுத்தார்கள். எனக்குக் கிடைக்கவில்லை, நாற்காலியில் ஒருவர் விட்டுப்போனதை எடுத்துப் படித்தேன். குணமடைந்து சொந்தக்காரரிடம் ஒப்படைக்கப்பட்ட குதிரை ஒன்று என்று இருந்தது. தீவனம் உபயம் என்று மண்டி முதலாளியின் பெயர் இருந்தது. துரைசானி அவருக்குக் கைகொடுத்தார். எனக்கு என்ன தைரியம் வந்ததோ, எழுந்து நின்று, லாயத்தில் எல்லோர் முன்னாலும் மண்டி முதலாளி வாக்குக் கொடுத்ததையும் பணம் வராததையும் சொன்னேன். அப்போதுதான் வக்கீல், இந்த ஆள் அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை என்றும், தன் கையால் பைசல் எழுதிக் கொடுத்திருக்கிறான் என்றும் சொன்னார். டாக்டருக்கு அதற்குள் வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது, பாய் கூட்டத்துக்கு வரவில்லை. துரைசானிக்கு நான் பேசிய தமிழ் புரியவில்லை. என்ன சொல்கிறான் என்று அவர் கேட்டார். புல் வியாபாரி, சங்கத்தை வாழ்த்துகிறான், என்று யாரோ சொன்னார்கள் போலிருக்கிறது. அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார்.

இன்றைக்கும் இப்படிச் சங்கங்கள் இருக்கின்றன. நாய்க்கு, மாட்டுக்கு, குதிரைக்கு என்று சந்தா கேட்டு வருகிறார்கள். கொடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுத்துவிட்டு ஒரு நாள் லாயத்துப் பின்வாசலுக்குப் போய், புல் போடுகிறவனுக்குக் கடைசியாக எப்போது பணம் கொடுத்தார்கள் என்று அவனையே கேளுங்கள். தலைவரைக் கேட்கவேண்டாம். அறிக்கையைப் படிக்கவேண்டாம்.

பட்டை கொண்டுபோனால் குதிரை தர்மம் பிடிப்பது மட்டும் நிற்கவில்லை. லாயம் மூடி, அந்த இடத்தில் தோல் காயப்போட ஆரம்பித்த பிறகும் பிடித்தார்கள். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். வழக்கம் என்றார்கள்.

பாய் ரயிலடியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு ரூபாயோ எட்டணாவோ என் பைக்குள் திணிப்பார். வேண்டாம் என்றால் வாய்க்கு வந்தபடி திட்டுவார். கம்மலை மீட்கிறவரைக்கும் நானும் வாங்கிக்கொண்டேன், பிறகு அவர் கண்ணில் படாமல் வேறு வழியாகப் போனேன். அப்படி அவர் கொடுத்தது மொத்தம் பன்னிரண்டு ரூபாய். அது அவர் கொடுக்கவேண்டிய பணமே இல்லை. நான் எழுதிக் கொடுத்த காகிதம் என்ன சொன்னாலும், அவரிடம் யாருக்கும் ஒரு தம்படி பாத்தியதை கிடையாது. என் பாக்கி ஐம்பத்தெட்டு ரூபாய் ஆறணா. அதில் சங்கம் பாய்க்குத் தரவேண்டியது பன்னிரண்டு ரூபாய், எனக்குத் தரவேண்டியது நாற்பத்தாறு ரூபாய் ஆறணா.